ஆறு பாகம் ஆழத்தில்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

எங்கள் வீட்டில் மூன்று பேர் கடலை நம்பிப் பிழைத்தவர்கள். தாத்தா சங்கு குளித்தவர். அப்பா தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் தண்டல். மாமா அதே மாலத்தீவில், ஓர் உல்லாசத் தீவில், வெளிநாட்டுப் பயணிகளைக் கடலடி காண அழைத்துச் செல்லும் படகில் வேலை பார்க்கிறார். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் இம்மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு என்பதைவிட வழக்கு என்பதே பொருந்தும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் அண்ணன், இனிப் படிக்கப் போவதில்லை, சங்குப் படகுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அம்மா அழுதுகொண்டிருந்தார். அன்று நான் கேட்டவற்றையும், பிறகு நூலகத்திலும் அறிவியல் ஆசிரியையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் தோழியருக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தீவுகளைப் பார்ப்போம். தூத்துக்குடியிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் மாலத்தீவு தொடங்குகிறது. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்நாட்டில் 26 பவளத் திட்டு வளையங்களும், அவற்றின்மேல் ஏறத்தாழ 1,190 தீவுகளும் உள்ளன. ஆனால் எல்லாத் தீவுகளின் நிலத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சி ஒன்றே 426 சதுர கிலோமீட்டர்! தீவுகளின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர். எங்கள் வகுப்பில் பின்வரிசையில் உட்காரும் என் தோழி அதைவிட உயரம்.

வளையம் வளையமாக இத்தீவுகள் அமைந்தது எப்படி? இதற்கு விடை சொன்னவர் சார்லஸ் டார்வின். 1842-இல் வெளியிட்ட நூலில் அவர் சொன்னது இது. முதலில் கடலிலிருந்து ஓர் எரிமலை எழுகிறது. அதன் கரையைச் சுற்றிப் பவளப் பூச்சிகள் சுண்ணாம்பு வீடு கட்டுகின்றன. எரிமலை மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளமோ வெயிலைத் தேடி மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகிறது. கடைசியில் நடுவிலிருந்த மலை மறைந்து, சுற்றுச் சுவர் மட்டும் நிற்கிறது. 1952-இல் பசிபிக் கடலில் ஒரு பவளத் தீவைத் துளையிட்டபோது, ஒரு கிலோமீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் காலமாகி 70 ஆண்டுகள் கழித்து அவர் சொல் மெய்யானது. மாலத்தீவின் அடியில் இருக்கும் எரிமலைப் பாறை, நம் தக்காணப் பீடபூமியைக் கொட்டிய அதே வெப்ப ஊற்றிலிருந்து வந்தது என்பது புவியியலார் கருத்து.

அந்த வளையத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் 'அட்டோல்' என்ற சொல் மாலத்தீவு மொழியான திவேகி தந்தது. அவர்கள் படகின் பெயர் 'தோனி'. நம் தோணிதான்! 'குரும்பா' என்றால் இளநீர்க் காய். நாம் குரும்பை என்கிறோம். 1972-இல் அங்கே தொடங்கிய முதல் உல்லாச விடுதிக்கு இப்பெயரையே சூட்டினார்கள். முப்பது அறைகளோடு தொடங்கியதாம். அதன் பின் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற ஏற்பாடு வளர்ந்தது. மக்கள் குடியில்லாத தீவாகப் பார்த்து ஒரே ஒரு விடுதி கட்டுவார்கள். மின்சாரமும் அங்கேயே, கடல் நீரைக் குடிநீராக்குவதும் அங்கேயே. குடிமக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதிகளுக்கு 2009-க்குப் பிறகுதான் அனுமதி கிடைத்தது. பயிர் செய்ய இடமில்லை. அரிசி, காய்கறி, செங்கல் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். பயணிகள் தட்டில் விழும் வெங்காயத்தில் கொஞ்சம் எங்கள் அப்பா கொண்டுபோனதாக இருக்கும் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அங்கிருந்து இங்கே வருவது மாசி. அம்மா வைக்கும் மாசிச் சம்பல் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது.

தீவுக்குத் தீவு படகில் போவது எளிதன்று என்கிறார் அப்பா. ஆழ்கடலில் கவலையில்லை, கரை நெருங்கினால்தான் கவலை என்பார். அங்கே கடலுக்கு நிறம் பார்த்துத்தான் வழி. கருநீலம் என்றால் ஆழம், படகு போகலாம். வெளிர்பச்சை என்றால் மணல், மெதுவாகப் போகலாம். பழுப்பு என்றால் பவளப்பாறை, விலக வேண்டும். வெயில் முகத்துக்கு நேரே அடித்தால் நிறம் தெரியாது. ஆகையால் சூரியன் உச்சியிலோ முதுகுப்புறமோ இருக்கும்போதுதான் திட்டுகளுக்குள் நுழைவார்கள். மாலையில் தீவு கண்ணெதிரே தெரிந்தாலும் வெளியே காத்திருந்து காலையில் நுழைவதுண்டு. 'கண்டு' என்பது இரு திட்டுகளுக்கு இடையே உள்ள கால்வாய். 'திலா' என்பது நீருக்குள் சில மீட்டர் கீழே நிற்கும் குன்று. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 'ஃபரு' என்பது வெளிப்பாறை. நம் முத்துப்பார் என்பதில் வரும் 'பார்' என்ற சொல் போலவே அது காதில் விழுகிறது.

1981 பிப்ரவரி 13-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து சரக்கோடு வந்த 'மால்தீவ்ஸ் விக்டரி' என்ற கப்பல் விமான நிலையத் தீவின் அருகே பாறையில் மோதி மூழ்கியது. இன்று அதன்மேல் பவளம் வளர்ந்து, மீன்கள் குடியேறி, கடலடி செல்வோர் காணும் இடமாகிவிட்டது. மாமா பலமுறை பார்த்திருக்கிறார்.

அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு வருகிறேன். மனிதனுக்குச் செவுள் இல்லை. காற்றைக் கொண்டுபோக வேண்டும். 1943-இல் பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் காக்னான் என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் வாயுவில் கார் ஓட்டுவதற்காகக் காக்னான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அதையே மாற்றி, மூச்சை இழுத்தால் மட்டும், இழுத்த அளவுக்கு மட்டும் காற்றுத் தரும்படி அமைத்தார்கள். கார் ஓட்டச் செய்த பொருள் கடலைத் திறந்துவிட்டது வியப்பல்லவா? இன்று இதை 'ஸ்கூபா' என்கிறோம். நீருக்குள் தானே மூச்சுத் தரும் கருவி என்பதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே இச்சொல்.

முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் என்று நானும் நினைத்திருந்தேன். மாமா சிரித்தார். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. தூய ஆக்சிஜனைச் சுமார் 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரக்கூடும். 12 லிட்டர் கொள்ளும் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால், 2,400 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்குத் தரையில் இரண்டு மணி நேரம் வரும். கடலில் அப்படியில்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 20 மீட்டரில் மொத்தம் மூன்று மடங்கு. காற்றும் மூன்று மடங்கு செலவாகும். ஆகவே 40 நிமிடம். அதிலும் கால் பங்கை அவசரத்துக்கு மீதி வைத்துக்கொண்டே மேலே வர வேண்டும்.

பாயில் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த தோழியரே, அந்த விதிதான் எங்கள் தாத்தாவின் இடது காதைப் பறித்தது.

தாத்தா காலத்தில் கருவி கிடையாது. கல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஐந்து, ஆறு பாகம் இறங்குவார்கள். ஆறு பாகம் என்பது ஏறத்தாழ 11 மீட்டர். அழுத்தம் இரு மடங்குக்குச் சற்று மேல். நம் செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவியில் கொஞ்சம் காற்று இருக்கிறது. வெளியே அழுத்தம் கூடக்கூட அந்தக் காற்று சுருங்குகிறது. பறை உள்நோக்கி வளைகிறது. முதல் இரண்டு மீட்டரிலேயே வலி தொடங்கும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் ஊஸ்டேஷியன் குழல் திறந்தால் காற்று உள்ளே போய் வலி நீங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெல்ல ஊதினால் அது திறக்கும். வலி வருவதற்கு முன்பே, மீட்டருக்கு ஒரு தரம் இப்படிச் செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் குழல் அடைத்திருக்கும். அன்று இறங்கவே கூடாது. இதுதான் ஸ்கூபா பழகுவோருக்கு முதல் நாள் பாடம்.

சிலர் தாமாகவே இதைக் கண்டுபிடித்துச் செய்தார்களாம். தாத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்பவனே ஆண்பிள்ளை என்று அவருக்குச் சொல்லித் தந்தார்கள். பதினேழு வயதில், சளியோடு இறங்கிய ஒரு நாள், காதில் வெடி வெடித்தது போல இருந்ததாம். பிறகு வலி நின்றுவிட்டது. வலி நின்றது என்று மகிழ்ந்தாராம்! பறை கிழிந்தால் இரு பக்க அழுத்தமும் சமமாகிவிடும், அதனால்தான் வலி நின்றது என்று மாமா விளக்கினார். தாத்தா வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மூக்கைப் பிடித்து ஊதினால் போதுமா? அவ்வளவுதானா?" என்று கேட்டார். உட்கார்ந்தபடியே மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தார். "இந்தப் பக்கமாகக் காற்றுப் போகிறது" என்றார். வேண்டாம் என்று அம்மா அவர் கையை எடுத்துவிட்டார்.

"காது போனால் போகட்டும், இப்போது கம்ப்ரசர் வந்துவிட்டதே" என்றான் அண்ணன். இனி நான் எழுதுவதுதான் இக்கட்டுரையில் முக்கியம் என்று நினைக்கிறேன்.

கம்ப்ரசர் என்பது படகில் வைத்த காற்று இயந்திரம். அதிலிருந்து நீண்ட குழாய் வழியாகக் கீழே இருப்பவருக்குக் காற்று வரும். சிலிண்டரில் காற்று தீர்ந்துவிடும், இதில் தீராது. அதுதான் ஆபத்து என்கிறார் மாமா. தாத்தா ஒரு மூச்சோடு போய், அதே மூச்சோடு வந்தார். கம்ப்ரசரில் போகிறவர் அடியில் இருந்துகொண்டே அழுத்தப்பட்ட காற்றை மணிக்கணக்கில் சுவாசிக்கிறார்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதை உடல் பயன்படுத்துவதில்லை. ஆனால் அழுத்தத்தில் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புகளிலும் கரைந்து சேர்கிறது. ஆழம் கூடினால் அதிகம். நேரம் கூடினாலும் அதிகம். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். சட்டென்று வந்தால்? கோலி சோடாவின் கோலியை அழுத்தும்போது என்ன ஆகிறது? மூடியிருக்கும்வரை ஒரு குமிழிகூடத் தெரியாத சோடா, திறந்ததும் பொங்குகிறது. அதே பொங்கல் மூட்டுகளில் நிகழ்ந்தால் வலி; தண்டுவடத்தில் நிகழ்ந்தால் கால் விளங்காது.

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, எந்த ஆழத்திலிருந்து எப்படிப் படிப்படியாக ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908-இலேயே வெளியிட்டார். இன்று பயணிகளுக்குக் கற்பிக்கும் அட்டவணை ஒன்றின்படி, 18 மீட்டரில் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாகவும், 30 மீட்டரில் 20 நிமிடமும்தான் இருக்கலாம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும். மூச்சை எந்நேரமும் அடக்கக் கூடாது. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துவிடும். மாலத்தீவில் பயணிகள் 30 மீட்டருக்குக் கீழே போகச் சட்டமே இடம் தருவதில்லை. கடலடி சென்றவர் ஒரு நாள் முழுதும் விமானம் ஏறுவதில்லை. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கும் சோடா பொங்கும்.

மாமா வெளிநாடு போகுமுன் சங்குப் படகில் இருந்தவர். அவருடைய கூட்டாளி ஒருவர் பத்துப் பன்னிரண்டு பாகத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு ஒரே மூச்சாக மேலே வந்தார். நல்ல சங்கு கிடைத்த நாளாம். எல்லோரும் சிரித்துக்கொண்டே கரைக்கு வந்தார்கள். மாலையில் தோள் வலிக்கிறது என்றார். வாயு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். இரவில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. செய்ய வேண்டியது என்ன என்று கேட்டேன். உடனே தூய ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த அறையில் மீண்டும் அழுத்தத்தை ஏற்றிக் குமிழிகளைக் கரைத்து, மெல்ல இறக்குவார்கள். அன்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். வலை பின்னுகிறார். எங்களுக்கு உறவினர்தான்.

ஆபத்தை மட்டும் சொன்னால் மாமா என்மேல் கோபிப்பார். தண்ணீருக்குள் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பிடித்த மீன் எவ்வளவு பெரிது என்று கையை விரித்துக் காட்டுவோர் அத்தனை பேரும் பொய்யர் அல்லர்! சிவப்பு நிறம்தான் முதலில் மறையும்; பத்து மீட்டருக்குக் கீழே விரலில் கீறல் பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும். ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்கு விரைவாகப் போவதால், எத்திசையிலிருந்து வருகிறது என்றே புரியாது. பேச முடியாததால் எல்லாம் கைச்சாடை. நன்றாயிருக்கிறது என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினால் மேலே அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குப் பொருள் 'மேலே போகலாம்' என்பது. நலம் என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாக்க வேண்டும்.

கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்று, பாசியைச் செரித்து, சுண்ணாம்பை மணலாகக் கழிக்கிறது. படங்களில் நாம் பார்த்து மயங்கும் அந்த வெண்மணலில் பெரும்பங்கு கிளிமீனின் கழிவு! இதை நான் சொன்ன பிறகு என் தோழியர் சிலர் மாலத்தீவுப் படத்தை நாட்குறிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பா அட்டோலில் ஹனிஃபாரு என்னும் விரிகுடா இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் அங்கே நுண்ணுயிர்கள் திரளும்போது மாண்டா என்னும் பெருந்திருக்கை மீன்கள் கூட்டமாக வரும். அங்கே சிலிண்டரோடு இறங்கத் தடை. மேலே மிதந்தபடிதான் பார்க்கலாம். 2010-இல் அந்நாடு சுறா பிடிப்பதையும் அறவே தடை செய்தது.

பெண்களுக்கு இது ஏற்றதா என்று பாட்டி கேட்டார். 1970-இல் சில்வியா ஏர்ல் என்ற அமெரிக்க அம்மையார் தலைமையில் ஐந்து பெண்கள் கடலடியில் அமைத்த வீட்டில் இரண்டு வாரம் தங்கி ஆராய்ச்சி செய்தார்கள் என்றேன். சமையல் யார் செய்தார்கள் என்று கேட்டார் பாட்டி.

அந்தப் பவளம் இன்று நோயுற்றிருக்கிறது. கடல் சூடேறும்போது பவளப் பூச்சி தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. நீர் விரைவில் குளிராவிட்டால் பட்டினியால் சாகிறது. 1998-இல் மாலத்தீவின் ஆழமில்லாத பகுதிப் பவளத்தில் பெரும்பாலானவை இப்படி மாண்டன. 2016-இலும் வெளுப்பு வந்தது. சுவர் செத்தால் அலையைத் தடுக்க எதுவும் இல்லை. 2009 அக்டோபர் 17-ஆம் நாள் குடியரசுத் தலைவர் முகமது நஷீதும் அமைச்சர்களும் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கிரிஃபுஷி தீவருகே கடலடியில் மேசை போட்டு அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார்கள். கரியமில வாயுவைக் குறைக்குமாறு உலக நாடுகளை வேண்டும் அறிக்கையில் நீருக்குள்ளேயே கையெழுத்திட்டார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் 21 தீவுகள் உண்டு; பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த காலத்தில் அரிப்புக்கு ஆளாகி, அவற்றில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. 1986-இல் அது தேசியப் பூங்கா ஆனது.

அண்ணன் பொங்கல் கழிந்து படகுக்குப் போய்விட்டான். தடுக்க முடியவில்லை. மாமா புறப்படும் முன் அந்த அட்டவணையைப் பாகக் கணக்கில் மாற்றி எழுதித் தந்தார். நான் அதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மழைக்கு நனையாதபடி பாலித்தீன் சுற்றி, அண்ணனிடம் கொடுத்தேன். இதைப் படகில் கொண்டுபோனால் எல்லோரும் சிரிப்பார்கள் என்றான். தாத்தா அந்த அட்டையை வாங்கித் தானே சம்மாட்டியிடம் போனார். கயிற்றில் மூன்று பாகத்துக்கு ஒரு சிவப்புத் துணி கட்டச் சொல்லி, அந்தத் துணி வந்ததும் பையன்கள் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், மேலிருப்பவன் கடிகாரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். சம்மாட்டி தாத்தாவோடு சங்கு குளித்தவர். அவருக்கும் ஒரு காது கேட்காது.

துணி கட்டியிருக்கிறார்களா என்று வாரம் ஒருமுறை அண்ணனைக் கேட்கிறேன். கட்டியிருக்கிறது என்கிறான். நிற்கிறாயா என்று கேட்டால், "நிற்கிறேன், நிற்கிறேன்" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றுகிறான்.